ஏற்கெனவே உள்ள கணக்கை ஏஐ மறுபடி எழுதினால்

ஹட்டன் நண்பருக்கு வணக்கம். தோட்டச் சம்பள மென்பொருளில் ஊழியர் சேமலாப நிதிப் (ஈபிஎஃப்) பங்களிப்பைக் கணக்கிடும் நிரல் ஏற்கெனவே இருக்க, ஏஐ உதவியாளர் அதை வேறொரு கோப்பில் புதிதாக எழுதிவிட்டது என்கிறீர்கள். முழு கோட்பேஸும் (மென்பொருளின் எல்லா நிரல் கோப்புகளும்) ஒரே நேரத்தில் அந்த உதவியாளரின் கண்ணில் படுவதில்லை. தேடித் திறந்த கோப்புகளை வைத்துத்தான் எழுதுகிறது.

மேல்நிலைக் கோப்புறையில் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்ற, ஏஐ உதவியாளர் படிப்பதற்கான குறிப்புக் கோப்பை வையுங்கள். உங்கள் உதவியாளர் கிளாட் கோட் என்றால் கிளாட்.எம்டி (CLAUDE.md). "ஊழியர் 8%, தொழில்தருநர் 12% கணக்கு இந்தக் கோப்பில் மட்டும்" என்று பாதையோடு எழுதுங்கள். சுருக்கமாக இருக்கட்டும், நீண்டால் முக்கியமானது அமுங்கிவிடும்.

அப்புறம், மாற்றச் சொல்லுமுன் "இந்த ஃபங்ஷனை எவையெல்லாம் அழைக்கின்றன? தேடிச் சொல்" என்று கேட்டு (ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி), பதிலை நீங்களே சரிபாருங்கள். கொழுந்து பறிப்பவர்களின் சம்பளம் இது. சரியென்று உறுதியான பழைய மாதக் கணக்கை டெஸ்டாக வைத்து, அது தேறாமல் எந்த மாற்றத்தையும் முதன்மை நிரலோடு மெர்ஜ் பண்ணாதீர்கள் (சேர்க்காதீர்கள்).