மூன்று ரெக்ரூட்டர்கள், ஒரு வேலை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பதினொரு வருடம் நிரந்தர வேலையில் இருந்துவிட்டு இப்போது கான்ட்ராக்ட் வேலை தேடுகிறேன். ஒரே வேலைக்கு மூன்று ரெக்ரூட்டர்கள் (நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர்கள்) கூப்பிட்டார்கள். வந்ததை விடுவானேன் என்று மூவருக்கும் ரெஸ்யூமே அனுப்பினேன். இரண்டு வாரமாக ஒருவரும் ஃபோனை எடுப்பதில்லை. இவர்களை நம்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

சிக்கலே மூவருக்கும் அனுப்பியதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே ஆளின் பெயர் இரண்டு ஏஜென்சிகள் வழியாக வந்தால், ஆள் பிடித்துத் தந்ததற்கான பணம் எந்த ஏஜென்சிக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று பல நிறுவனங்கள் அந்தப் பெயரையே ஓரங்கட்டிவிடும். அதனால் எந்த நிறுவனம் என்று சொல்லாதவருக்கு ரெஸ்யூமே போகக்கூடாது. சொன்னவரிடமும் 'இந்த வேலைக்கு மட்டும், இந்த ரேட்டுக்கு, என் பெயரை அனுப்பலாம்' என்று மெயிலில் எழுதிக் கொடுங்கள். யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ரெஸ்யூமேவை வேர்ட் ஃபைலாகக் கேட்பார்கள். முதல் முறை நானும் யோசிக்காமல் கொடுத்தேன். இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் ஒரு வரியில் விரலை வைத்துத் தாளை என் பக்கம் திருப்பினார். மேலே ஏஜென்சியின் லோகோ. என் ஃபோன் நம்பரைக் காணோம். அது சரி, நிறுவனம் நேரடியாகக் கூப்பிட்டுவிடக் கூடாதே! ஆனால் விரல் இருந்த இடத்தில் நான் தொட்டே பார்க்காத ஒரு மென்பொருளில் எனக்கு நான்கு வருட அனுபவம் இருந்தது. அன்றிலிருந்து, அனுப்பும் பிரதியை எனக்கும் ஒன்று காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிவிடுகிறேன்.

நம்பலாமா என்றால், ரெக்ரூட்டருக்குக் காசு கொடுப்பது நீங்கள் இல்லை, நிறுவனம். நிறுவனம் ஏஜென்சிக்கு மணிக்கு 100 கொடுத்தால், அவர்கள் பங்கு போக உங்கள் கைக்கு 80 வரலாம், 65-உம் வரலாம். அந்த 100 பெரும்பாலும் உங்கள் காதுக்கு வராது. அதனால் ரேட்டை நீங்கள்தான் கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். பழைய சம்பளத்தை 2,080 மணி நேரத்தால் (வாரம் 40, வருடம் 52 வாரம்) வகுத்துவிடாதீர்கள். லீவுக்கும் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை சும்மா இருக்கும் வாரங்கள் வேறு. நான் 1,700-க்கு மேல் எண்ணுவதில்லை.

அப்புறம், நிறுவனம் பணம் தந்தால்தான் உங்களுக்குத் தருவோம் என்ற வரி ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கலாம். தேடிப் பாருங்கள்.

ஃபோன் எடுக்காததற்குக் கோபிக்காதீர்கள். நகராத வேலையில் அவருக்கும் பைசா இல்லை. நீங்கள் முதலில் அனுப்பியது யாருக்கு என்று பார்த்து, இந்த வேலைக்கு அவர் மட்டும்தான் என்று அவருக்கு எழுதுங்கள். மற்ற இருவரிடமும் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். இந்த வேலை இனி கிடைப்பது சந்தேகம்தான். ஆனால் அடுத்த மாதம் வேறொரு வேலையோடு அதே மூவரில் ஒருவர் கூப்பிடுவார், இரண்டு வாரம் காணாமல் போனதே நினைவில்லாத குரலில்.