அகதிகள் முகாமுக்குப் போக நினைக்கும் மகளுக்கு

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்

கேள்வி: அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 24 வயது. நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தில்) நடந்த மிஷனெரி கூட்டத்தில், சூடான் சண்டைக்குத் தப்பி சாட் நாட்டு எல்லையில் இருக்கிற அகதிகளின் படங்களைக் காட்டினார்கள். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தை வாசித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று ஊழியத்துக்கு என்னை அர்ப்பணித்தேன். அந்த நினைப்பு இன்றுவரை விடவில்லை. அப்பா, "பொம்பளப் பிள்ள சண்டை நடக்கிற ஊருக்கா போவா?" என்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எனக்குப் பின்னால் தங்கை நிற்கிறாள். படிப்புக் கடன் பாக்கி இருக்கிறது. எங்கள் சபைப் போதகரான ஐயர் "ஜெபி, வழி திறக்கும்" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட், இரண்டு லட்சம் கட்டினால் ஜோர்டானில் அகதிகள் முகாம் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இது ஆண்டவருடைய அழைப்புதானா? போனால் அங்கே சுவிசேஷம் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், நாங்குநேரி வட்டாரம்

பதில்: மகளே, அந்த ஏஜென்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜெபத்துக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே முடிக்க வேண்டிய காரியம் அது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அகதிகள் நடுவே வேலை செய்கிற எந்த நல்ல நிறுவனமும் வேலைக்கு வருகிறவளிடம் பணம் வாங்காது. ஜோர்டான், லெபனான், சூடான், தென் சூடான், ஈராக், ஏமன் எல்லாம் நம் அரசின் குடியேற்ற அனுமதிப் பட்டியலில் உள்ள, அதாவது வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி வேண்டிய, 18 நாடுகளில் சேர்ந்தவை. அந்த நாடுகளுக்குச் செவிலியர்களை எடுக்கும் பொறுப்பை 2015-இல் மத்திய அரசு தனியார் ஏஜென்டுகளிடமிருந்து எடுத்து அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. நமக்குச் சென்னையில் இருக்கிற தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசுகிறவன் உன்னைச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, ஜோர்டான் தலைநகர் அம்மானில் யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கு விட்டுவிட்டுப் போனால் கேட்க ஆள் கிடையாது. அந்த எண்ணை அழித்துவிடு.

இனி அழைப்பு. அது மெய்தானா என்று நாங்குநேரியில் இருக்கிற ஒரு பிள்ளைக்குப் பாளையில் இருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஜனத்துக்கு என்ன தேவை என்று இந்த ஒரு வருஷத்தில் தேடிப் படித்தாயா? அழைப்பு வந்தவள் முதலில் அதைத்தான் செய்வாள் என்பது என் எண்ணம். உன் கடிதத்தில் உன் மனசு இருக்கிறது, அப்பா இருக்கிறார், ஐயர் இருக்கிறார். அகதிகள் ஒரு படமாக மட்டும்தான் இருக்கிறார்கள். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் மனசு நல்ல மனசு. அதற்குக் கை கால் முளைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சூடானில் ராணுவமும் துரித ஆதரவுப் படை என்ற ஆயுதப் படையும் மோதிக்கொண்ட சண்டை 2023 ஏப்ரல் 15-இல் தொடங்கியது. அந்த நாட்டின் மேற்கே இருக்கிற டார்ஃபூரில் எல் ஜெனீனா என்கிற ஊரில் மசாலித் இன மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பியவர்கள் சாட் எல்லையிலுள்ள ஆத்ரே என்ற சின்ன ஊருக்கு ஓடினார்கள். ஏறத்தாழ பாளையிலிருந்து உன் நாங்குநேரிக்கு வருகிற தூரம்தான். நீ பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்துவிடுகிற அந்தத் தூரத்தை அவர்கள் வழிமறித்துச் சுடுகிறவர்களுக்கு நடுவே, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து கடந்தார்கள். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வழியில் பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். உன்னைப் போன்ற ஒரு பெண் செவிலியிடம், அதுவும் நம்பிக்கை வந்தால்தான் சொல்வார்கள். உன் அப்பா "பொம்பளப் பிள்ளையா போவா?" என்கிறார் இல்லையா, பொம்பளப் பிள்ளை போக வேண்டிய காரணமே அங்கேதான் இருக்கிறது.

ஆனால் உன் ஐ.சி.யூ. அனுபவம் அங்கே அவ்வளவாக உதவாது. வெண்டிலேட்டர் கிடையாது, மானிட்டர் கிடையாது. அங்கே பிரசவம் பார்க்கத் தெரிய வேண்டும். குழந்தையின் மேல்கையைச் சுற்றி நாடாவை வைத்து அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இது உயிருக்கு ஆபத்தான ஊட்டக்குறைவு என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கத் தெரிய வேண்டும். அந்தக் குழந்தைக்குக் கொடுக்கிற கடலைப் பசைப் பாக்கெட்டை முதலில் உன் முன்னாலேயே தின்னவைத்துப் பார்ப்பார்கள். தின்றால் வீட்டுக்கு அனுப்பலாம். தின்னாவிட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டும். நெரிசலான முகாமில் முதல் தடுப்பூசி தட்டம்மைக்குத்தான், ஏனென்றால் ஊட்டம் குறைந்த பிள்ளைகளை அது கொத்துக் கொத்தாகக் கொண்டுபோய்விடும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலக அளவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது குறையும்போது காலரா வரும். இதெல்லாம் செவிலியின் வேலையா என்று கேட்காதே. முகாமில் எல்லாம் செவிலியின் வேலைதான்.

உன் நர்சிங் கவுன்சில் பதிவில் செவிலியர் என்பதோடு மருத்துவச்சி என்றும் இருக்கும். எடுத்துப் பார். அந்த இரண்டாவது தகுதிக்கு உயிர் கொடு. ஐ.சி.யூ.வை விட்டு பிரசவ வார்டுக்கு மாற்றல் கேள். தரவில்லை என்றால், பிரசவம் நிறைய நடக்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போ. சம்பளம் கொஞ்சம் குறையும். அங்கே இரண்டு வருஷம் நில். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் தகுதி பெற்ற பிறகு குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. கடனை அடைக்கவும் அந்த இரண்டு வருஷம் உதவும். கடனை அப்பா தலையில் வைத்துவிட்டு ஊழியத்துக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

பாஷை இன்னொன்று. சாட்டில் பிரெஞ்சும் அரபியும் ஆட்சிமொழிகள். பிரெஞ்சை இணைய வகுப்பில் படிக்கலாம். அரபிக்கு நீ தூரமாகப் போக வேண்டாம், மேலப்பாளையத்திலேயே சொல்லித்தரும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். மதரஸாவில் படிக்கிற அரபியும் சூடான்காரர்கள் வீட்டில் பேசுகிற அரபியும் வேறு வேறுதான், ஆனாலும் எழுத்தும் உச்சரிப்பும் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முஸ்லிம் ஜனங்களுக்குச் சேவை செய்யப் போகிறவள், ஒரு முஸ்லிம் அக்காவின் வீட்டுத் திண்ணையில் மாணவியாக உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது.

சுவிசேஷம் பற்றிக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் வகுத்த நடத்தை விதிகளில், உதவியை எந்த அரசியலையும் எந்த மதத்தையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. பல கிறிஸ்தவ நிறுவனங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. விதி இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நான் ஏற்கவில்லை. உன் கையிலிருக்கிற பால் பாக்கெட் இல்லாவிட்டால் தன் பிள்ளை செத்துப்போகும் என்று நிற்கிற ஒரு தாயிடம் நீ என்ன சொன்னாலும் "ஆமா" என்றுதான் சொல்வாள். அந்த "ஆமா"வை வாங்கி ஆண்டவருக்குக் காணிக்கையாகப் படைக்க முடியுமா? அவரே அதை ஏற்க மாட்டார். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எதையும் கேட்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குக் காசு கொடுத்தான், போனான். யாராவது உன்னைக் கேட்டால் நீ யாரென்று சொல், மறைக்காதே. கேட்கிறவரைக்கும் புண்ணைக் கழுவு.

நான் இப்படிப் பேசுவதற்குக் காரணம் மண்டபம் முகாம். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் வெடித்தபோது எங்கள் சபையிலிருந்து போன மருத்துவக் குழுவில் நானும் போனேன். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை வெள்ளைக்காரர்கள் தடுத்து வைத்துச் சோதித்த பழைய முகாம்தான் அது. தனுஷ்கோடி மணலில் இறக்கிவிடப்பட்டு வந்தவர்கள் உப்புத் தண்ணீரில் ஊறிய துணியோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு அக்கா தையல் மெஷினின் தலையை மட்டும் சேலையில் சுற்றிக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை நீட்டினேன். "மாத்திரை இருக்கட்டும் தங்கச்சி, மாதவிலக்குக்கு ஒரு துணி கிடைக்குமா?" என்று காதில் கேட்டார்கள். நாங்கள் கொண்டுபோன பெட்டிகளில் துணி இல்லை. ஆண்கள் போட்ட பட்டியல் அது. ராமேஸ்வரம் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வாங்கினோம். அன்றைக்கு அந்த அக்காவிடம் நான் கற்றுக்கொண்டதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை: வந்தவர்களிடம் கேட்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் உள்ள கடனையும் நீ தெரிந்துகொள். 1902-இல் நம் வெள்ளாளன்விளைக்காரரான, பின்னாளில் பேராயரான அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் கடல் தாண்டி தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு, நம் திருநெல்வேலி ஏன் இதைச் செய்யவில்லை என்று வெட்கப்பட்டார். மறுவருஷம், 1903 பிப்ரவரியில், இந்திய மிஷனெரி சங்கம் பாளையில் பிறந்தது. "அனுப்புகிற சபை" என்று நாம் பெருமை பேசுவதற்கு விதை போட்டது அந்த மண். 1983-க்குப் பிறகு அதே மண்ணின் ஜனங்கள் வெறுங்கையோடு நம் கரைக்கு வந்தார்கள். கங்கைகொண்டானில் முகாம் இருக்கிறது. உன் வேலையிடத்திலிருந்து டவுன் பஸ் தூரம். நீ போயிருக்கிறாயா? சாட்டுக்குப் போவதற்கு ஒத்திகை பார்க்கிற இடமாக மட்டும் அதை நினைத்துவிடாதே. அவர்களும் முழு மனிதர்கள். உனக்குப் பயிற்சி கொடுக்க அவர்கள் அங்கே இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணமும் ஆன பிள்ளைகள் இன்னும் இந்நாட்டுக் குடிமக்கள் ஆகவில்லை. அகதி என்றால் ஒரு வார நெருக்கடி இல்லை, நாற்பது வருஷக் காத்திருப்பு என்பதை அங்கே இருக்கிற ஒரு பாட்டி உனக்குச் சொல்வாள். போ, உட்கார், கேள்.

அப்பாவிடம் வருகிறேன். அவர் பயத்தை அவிசுவாசம் என்று எண்ணிவிடாதே. நம் பக்கத்தில் சவூதிக்கும் குவைத்துக்கும் நர்ஸ் பிள்ளைகளை அனுப்பாத தெரு இல்லை. அங்கே போனால் வீடு கட்டப் பணம் வரும், போன ஆள் திரும்பி வருவாள் என்று தெரியும். இதில் இரண்டுமே அவருக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்து. எந்த நிறுவனம், யார் பொறுப்பு, எத்தனை மாத ஒப்பந்தம், நிலைமை மோசமானால் எப்படி வெளியேற்றுவார்கள், காப்பீடு எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி அவர் முன்னால் வை. இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாத நிறுவனத்துக்கு நீயும் போகாதே. 2023-இல் சூடானிலிருந்த நம் ஆட்களை அரசு கப்பலும் விமானமும் அனுப்பி மீட்டது உண்மைதான். ஆனால் மீட்க வருவார்கள் என்ற தைரியத்தில் போவது வேறு, திட்டத்தோடு போவது வேறு.

மாப்பிள்ளை விஷயத்தில் ஒன்றுதான். வருகிற வரன் வீட்டில் இதை மறைக்காதே. பெண் பார்க்கும் அன்றைக்கே நீயே சொல்லிவிடு. கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். இருந்து கேள்வி கேட்கிறவன் வந்தால் அவனோடு பேசு. தங்கையின் கல்யாணம் உனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நீயே சொல். அதைக் கேட்க அவருக்குத்தான் கஷ்டமாக இருக்கும், கொஞ்சம் பொறுமையாக இரு.

இரண்டு வருஷம் கழித்துப் பிரசவ வார்டிலிருந்து எனக்கு எழுது. அப்போதும் ஆத்ரே உன்னை விடாமல் இருந்தால், உன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் நான் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கத்தில் பழைய துணிகளைச் சேகரித்து வெளிநாட்டு அகதிகளுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். எப்படி அனுப்புவது?
— ஒரு வாசகர், சாத்தான்குளம்

பதில்: அனுப்ப வேண்டாம் தம்பி. துணியின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகமாகும். அந்தத் துணி அங்குள்ளவர்களின் உடைக்கும் வெயிலுக்கும் ஒத்துவராது, அந்த ஊர்த் துணிக்கடைக்காரரின் பிழைப்பையும் கெடுக்கும். பணமாகத் திரட்டுங்கள். பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணமோ பஸ் செலவோ இடிக்கிறதா என்று முகாம் தலைவரிடம் கேளுங்கள். முகாமுக்குள் போக வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். போகும்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.