பக்தியும் தொழிலும் – கடிதம்

வணக்கம் சார்,

நாகர்கோவிலில் எம்.பி.ஏ. படிக்கிறேன். மாணவர்களின் சமய விழுமியங்களும் தொழில்முனைவும் பற்றி பிராஜெக்ட் செய்கிறேன். கேள்வித்தாள் கொடுத்ததில் எல்லோருமே பக்தி உண்டு, தொழில் தொடங்கும் ஆசையும் உண்டு என்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் கல்ஃபுக்கும் பெங்களூருக்கும்தான் போகிறார்கள். மதம் தொழிலுக்கு உதவுகிறதா, தடுக்கிறதா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

'கடவுள் நம்பிக்கை எனக்கு முக்கியம்' என்று கேட்டால் நம்ம ஊரில் யார் இல்லை என்று டிக் அடிப்பார்கள்? ஆசைக்கும் அப்படித்தான், டிக் போடக் காசு வேண்டாமே. புராட்டஸ்டண்ட் மதத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-05இல் எழுதியதை உங்கள் கைடு சொல்லியிருப்பார். அவர் கவனித்ததே பழக்கத்தைத்தான்: சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைக்காமல் திரும்பத் தொழிலில் போடுவது.

நம் மாவட்டத்தில் மதம் கைத்தொழிலாக வந்திருக்கிறது. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமைத்தனத்திலிருந்து தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பைப் பரப்பியது ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச். தக்கலை பீர்முகம்மது அப்பா ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி. பிழைப்புக்குத் தறி நெய்தவர் என்றே ஊர் சொல்கிறது.

தேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைப்பார்கள். தேனீ அறையை மெழுகால் மூடிய பிறகு எடுத்தால் தேன் கெடாது. மூடுமுன் எடுத்தால் தண்ணீர் அதிகம், சீக்கிரமே புளித்து நுரைக்கும். ஆனால் கையில் காசு முன்னதாக வரும், வாங்குகிறவருக்குப் பார்த்தவுடன் தெரியவும் தெரியாது. மழைக்காலத்தில் தேனீ பட்டினி கிடக்காமலிருக்கச் சர்க்கரைப் பாகு வைப்பது நியாயம். அந்தப் பாகையே தேன் என்று வடித்து விற்றால் அநியாயம். அந்த நேரத்தில் சர்ச்சிலோ அய்யாவழியின் சாமித்தோப்பிலோ கேட்டது கையைப் பிடித்து நிறுத்துகிறதா? நீங்கள் தேடுகிற விழுமியம் அங்கேதான் இருக்கிறது, கேள்வித்தாளில் சிக்காது.

தடுக்கிறதா என்றால், மதத்தைவிடக் கல்யாணச் சந்தைதான் அதிகம் தடுக்கிறது. மாப்பிள்ளை சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார் என்றால் பெண்வீட்டார் முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பீர்களே! மதத்தின் பங்குக்கும் ஒரு குறை உண்டு. கைமாற்றும் நம்பிக்கையும் சொந்தச் சபை, சொந்த ஜமாஅத், சொந்தச் சாதிக்குள்ளேயே சுற்றும். முதல் லட்சம் புரட்ட அது வசதி. அப்புறம் வாடிக்கையாளர் வெளியிலிருந்து வந்தால்தானே தொழில் வளரும்?

அதனால் படிக்கும்போதே ஏதாவது விற்கிற மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள். வீட்டில் கேக் செய்கிறவர், இன்ஸ்டாகிராமில் சுடிதார் விற்கிறவர், யாரானாலும் சரி. முதல் பணம் யார் தந்தது, யாரைக் கடன் சொல்ல விடவில்லை, கெட்டுப்போன சரக்கை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முஸ்லிம் மாணவர்களிடம் வட்டியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பேங்க் லோன் வேண்டாம் என்பவர்கள் கூட்டாளி சேர்க்கிறார்களா, வீட்டு நகையை விற்கிறார்களா, இல்லை ஆசையையே விட்டுவிடுகிறார்களா? கைடு ஒத்துக்கொள்ளாவிட்டால் பின்னிணைப்பாகவாவது சேர்த்துவிடுங்கள்.