சென்சாரை இருமுறை மாற்றியும் திரும்பி வரும் எச்சரிக்கை

கேள்வி: எங்களுடைய 20 டன் எக்ஸ்கவேட்டரில் புகை வடிகட்டியின் அழுத்த சென்சார் பற்றிய எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. திரையில் எஸ்பிஎன் (பழுது எதில் என்று காட்டும் எண்) 3251 என்று காட்டுகிறது. சென்சாரை இரண்டு முறை புதிதாக மாற்றிவிட்டோம். அந்தப் பழுதுக் குறியீட்டை (கோட்) அழித்தால் இரண்டு மூன்று நாட்கள் ஓடுகிறது. பிறகு மறுபடியும் எச்சரிக்கை வந்து இன்ஜின் இழுவை குறைந்துவிடுகிறது. வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வடிகட்டியை வாங்காதீர்கள். அடுத்தடுத்துப் பொருத்திய இரண்டு புதிய சென்சார்களும் ஒரே விதமாகக் கெடுவது அரிது என்பதால், பழுது சென்சாருக்கு வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்தில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 3251 என்பது டிபிஎஃப் எனப்படும் வடிகட்டியின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் குறிக்கும் எண் மட்டுமே. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பழுது எத்தகையது என்பதை அதன் பக்கத்தில் வரும் எஃப்எம்ஐ எண்ணே சொல்கிறது. அது 0 அல்லது 16 என்றால் சென்சார் மின்சார ரீதியாக வேலை செய்கிறது, ஆனால் அளந்த அழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் வரம்புக்கு மேலும், 4 என்றால் வரம்புக்குக் கீழும் போயிருக்கிறது. 5 என்றால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கக்கூடும். 2 என்றால் அளவு நம்பத்தக்கதாக இல்லை என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கருதுகிறது. குறியீட்டை அழிப்பதற்கு முன் இந்த எண்ணையும், அது பதிவான நேரத்து ஹவர் மீட்டர் அளவையும் குறித்து வைப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பதற்கான முக்கியத் தடயம் அதுதான் என்பதால், குறிக்காமல் அழித்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

இரண்டு மூன்று நாட்கள் சரியாக ஓடிப் பிறகு திரும்புகிறது என்ற உங்கள் விவரத்தைக் கேட்டவுடன் நான் முதலில் சந்தேகிப்பது, வடிகட்டியிலிருந்து சென்சாருக்குப் போகும் சிறு குழாய்களைத்தான். வடிகட்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் சென்சாரில் வந்து சேர்கின்றன. புகையில் உள்ள நீராவி இந்தக் குழாய்களில் குளிர்ந்து நீராகிறது. அதனுடன் கரி கலந்து களிம்பு போலாகி வழியை அடைக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறும் நாளில் அது உலர்ந்து ஓரளவு வழிவிடும், வெறுமனே ஐடிலில் நின்ற நாளில் மறுபடி அடைக்கும். முன்பக்கக் குழாய் அடைத்தால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பின்பக்கக் குழாய் அடைத்தால் சற்று அதிகமாகத் தெரியலாம். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் அளவு பூஜ்யத்துக்கும் கீழே போகும். சென்சாரை இருமுறை கழற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்பதால், இந்தக் கடைசி வாய்ப்பையும் சரிபாருங்கள். குழாய் தொய்வின்றி, வடிகட்டியிலிருந்து சென்சாரை நோக்கி மேல்நோக்கியே செல்ல வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே நீர் தேங்கும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, திரையிலோ ஸ்கேனரிலோ அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்படியின்றி ஏதேனும் அளவு காட்டினால், இரண்டு குழாய்களையும் சென்சாரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது பூஜ்யத்துக்கு வந்தால் குற்றம் குழாயில். அப்படியே நின்றால் சென்சாரில் அல்லது ஒயரிங்கில். குழாய்களைச் சுத்தம் செய்யக் காற்று ஊதும்போது சென்சார் பக்கத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். 10 கிலோபாஸ்கல் என்பது சுமார் ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம்தான். அத்தகைய சிறிய அளவுகளை உணர்வதற்கென்று செய்த மெல்லிய சவ்வை கம்ப்ரஸர் காற்று ஒரு நொடியில் கிழித்துவிடும். வடிகட்டியின் உடலில் குழாய் இணையும் துளையையும் மெல்லிய கம்பியால் குடைந்து பாருங்கள். குழாயை மட்டும் மாற்றிவிட்டு அதை மறப்பவர்கள் பலர்.

குழாய் சரி என்றால் மின்சாரப் பக்கம் வரலாம். இத்தகைய சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று ஒயர்கள் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லையெனில், அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது வோல்டேஜ் திரும்புகிறது என்று பாருங்கள். கனெக்டரை மறுபடி மாட்டிய பின், அழுத்தம் இல்லாத நிலையில் சிக்னல் ஒயரில் பொதுவாக 0.5 வோல்ட் அளவில் இருக்கும். துல்லியமான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரிபாருங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சூடான பாகங்களில் கைபடாமல், ஒயர்க் கட்டினை மெதுவாக அசைத்துக்கொண்டே அளவைக் கவனியுங்கள். பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓடும் எக்ஸ்கவேட்டரில் அதிர்வு மிகக் கடுமையானது. கிளிப் கழன்ற ஒயர் தகட்டில் உரசித் தேய்வதும், வாட்டர் வாஷ் செய்தபோது கனெக்டருக்குள் நீர் புகுந்து பின்கள் பச்சை பிடிப்பதும், எலி கடிப்பதும் மிகச் சாதாரணம்.

எஃப்எம்ஐ 0 அல்லது 16 வந்து, குழாயும் ஒயரும் சரியாக இருந்தால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. குறைந்த அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றை அதே இடத்தில் பொருத்தி இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் இது உறுதியாகும். அப்படியானால் கேட்க வேண்டியது, கரி ஏன் இவ்வளவு சேர்கிறது என்பதே. நீண்ட நேர ஐடில், ரீஜெனரேஷனை (சேர்ந்த கரியை வடிகட்டிக்குள்ளேயே எரிப்பதை) தடுக்கும் சுவிட்சை ஆபரேட்டர் நிரந்தரமாக அழுத்தி வைத்திருப்பது, டர்போ ஹோஸில் கசிவு, புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு மூடாமல் நிற்பது, சொட்டும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புதிய வடிகட்டியும் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

புகைப் பாதையில் உள்ள வெப்ப சென்சார்களையும் இதே வேளையில் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், எல்லா வெப்ப சென்சார்களும் சுற்றுப்புற வெப்பத்தை ஒட்டி ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான் குற்றவாளி. கரியை எரிக்க வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தேவைப்படுவதால், தவறான வெப்ப அளவை நம்பும் கம்ப்யூட்டர் ரீஜெனரேஷனைத் தொடங்காமலே விட்டுவிடும், அல்லது பாதியில் நிறுத்திவிடும். சென்சாருக்குப் பதிலாக ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த வெப்பத்தைக் கண்காணிக்க வழியில்லாமல் போனால் வடிகட்டி உருகும், வண்டியே தீப்பிடிக்கவும் கூடும்.

வடிகட்டியைக் கழற்ற வேண்டிய நிலை இரண்டே. முறையாக முடிந்த ரீஜெனரேஷனுக்குப் பிறகும் அழுத்தம் இறங்கவில்லையெனில், உள்ளே இருப்பது கரியல்ல, எண்ணெயிலிருந்து சேரும் சாம்பல், அது எரியாது. அப்போதும் முதலில் அதற்கான இயந்திரத்தில் சுத்தம் செய்து பாருங்கள். மாறாக, அழுத்தம் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்து, வெளிவரும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் கரி அப்பிக்கொண்டு வந்தால், வடிகட்டி உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினாலும் சுத்தம் செய்தாலும், உங்கள் வண்டியின் மேனுவல் கோரினால், சாம்பல் கணக்கையும் சென்சாரின் பூஜ்ய அளவையும் சர்வீஸ் டூல் கொண்டு மீட்டமைக்கச் சொல்லுங்கள். அது விடுபட்டால் பழைய கணக்கை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அதே எச்சரிக்கையை மறுபடியும் காட்டும்.