மரமும் கப்பலும் ஒரே சொல்லில்

கேள்வி: எங்கள் லயத்து வீட்டுக் கூரையைத் தாங்குவதும் 'பீம்', கப்பலின் அகலமும் 'பீம்' என்கிறார்களே, ஏன்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'பேஆம்' என்றாலே மரம்தான். ஜெர்மனில் இன்றும் மரத்துக்கு 'பௌம்' என்றே பெயர். ஆங்கிலத்தில் 'ட்ரீ' அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, 'பீம்' உத்திரமாகச் சுருங்கியது. 'ஹார்ன்பீம்' போன்ற சில மரப்பெயர்களில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மரக்கப்பலில் இருபக்கச் சுவர்களையும் பிணைத்துத் தளத்தைத் தாங்குவது குறுக்குவிட்டம். மிக நீளமான விட்டமே கப்பலின் அகலம். பெயர் அப்படித்தான் வந்தது. விட்டத்தின் முனையைச் சுவரோடு இறுக்க, கிளை பிரியும் கவையில் வெட்டிய முழங்கால்போல் வளைந்த கட்டை வேண்டும். நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு, பாரம் ஏறியதும் பிளந்துவிடும்.

கப்பல் பாயின் அடிக்கழியான 'பூம்' என்பதும் டச்சு மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்தான். நம் 'கட்டுமரமும்' ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆகியிருக்கிறது!