கோலம் போட்ட இடத்தில் வெள்ளைத் தடம்

கேள்வி: அக்கா மகள் கல்யாணத்தில் என் 15 வயது மகளுக்குக் கையில் மெஹந்தி போட்டுவிட்டார்கள். இயற்கை மருதாணிதான் என்றார்கள். அரை மணியிலேயே கருகருவென்று பிடித்தது. நகத்துக்கு மட்டும் வீட்டில் அரைத்த இலை. நான்காம் நாள் கோலம் முழுக்கக் கொப்புளம். மெடிக்கலில் கொடுத்த க்ரீமை மூன்று வாரம் தடவினேன். இப்போது கோலத்தின் வடிவிலேயே வெளுத்திருக்கிறது, நகத்தில் ஆரஞ்சு நிறம் போகவில்லை. வெண்புள்ளியாக இருக்குமோ? எலுமிச்சை தேய்த்து வெயிலில் காட்டினால் நிறம் வரும் என்று யூடியூபில் சொல்கிறார்கள்.
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது வெண்புள்ளி நோய் போலத் தெரியவில்லை. கொப்புளம் ஆறிய தோல் கொஞ்ச நாள் வெளுத்துத்தான் இருக்கும். சில மாதங்களில் நிறம் திரும்பும். சுண்ணாம்பு வெள்ளையாக மாறினாலோ, கோலத்தைத் தாண்டிப் பரவினாலோ காட்டுங்கள். நகம் வளர வளரச் சரியாகிவிடும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அந்தச் சாறோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும், அப்புறம் கருப்புத் தடமும் விழும். க்ரீமும் போதும். மெடிக்கலில் இப்படிக் கேட்டு வாங்கும் டியூப்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அதுவே தோலை வெளுக்கவைக்கும். கொப்புளம் வந்த அன்றே ஒரு மருத்துவரிடம் போயிருக்க வேண்டாமா?

என் கவலை அந்தக் கருப்பு நிறத்தைப் பற்றித்தான். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் ஆரஞ்சாகப் பிடித்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாகும். எவ்வளவு நேரம் வைத்தாலும் கருப்பாகாது. அரை மணியில் கருத்ததென்றால், தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனத்தை அதில் கலந்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலை அரைத்து வைத்த நகத்தைச் சுற்றி ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள். ஐரோப்பாவில் தலைச்சாயத்திலேயே அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் பூச அனுமதியே இல்லை. இங்கே மண்டபத்தில் உட்காரவைத்துக் குழந்தைகள் கையில் வரைகிறார்கள்.

கொப்புளம் ஆறிவிட்டது, ஆனால் பி.பி.டி.யால் வந்த ஒவ்வாமை ஆறாது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். நாளைக்குக் கல்லூரியில் தோழிகளோடு சேர்ந்து தலைக்குச் சாயம் அடிப்பாள். அப்போது தலை அரித்து நீர் வடியும், முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். தலைச்சாயமோ கருப்பு மெஹந்தியோ பட்டபின் உதடு, கண் வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்கோ அந்த நிமிடமே போங்கள்.

இப்போது அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டை எப்போது செய்யலாம் என்று அவர் சொல்வார். பல் மருத்துவரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையைச் சொல்லுங்கள், மரத்துப்போக வைக்கும் சில மருந்துகளும் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ‘பி.பி.டி. ஒவ்வாமை’ என்று ஒரு சீட்டில் எழுதி அவள் பையிலேயே வைத்துவிடுங்கள்.