ஃபைலைப் பிரித்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பைத்தானில் எழுதி வருகிறேன். எல்லாம் ஒரே ஃபைல், நாலாயிரம் லைனுக்கு மேல். புதிதாக வந்த டீம் லீட் சிரித்துவிட்டு, ‘எந்த ஃபைலும் 300 லைனைத் தாண்டக் கூடாது’ என்றார். பிரித்தேன். இப்போது எது எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் கோடே ஒரே ஃபைல்தானே? அப்புறம் என்னை மட்டும் ஏன் சிரிக்கிறார்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நாலாயிரம் லைனை ஓடுகிற நிலையில் வைத்திருப்பதே பெரிய விஷயம், அதற்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை. ஆனால் எஸ்கியூலைட்டைத் துணைக்கு இழுத்தீர்களே, அதற்குத்தான் ஒரு குட்டு. அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாடக் கூடாது. அதை எழுதுபவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி ஃபைல்களில்தான் எழுதுகிறார்கள். வெளியிடும்போது ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை ஒரே சி மொழி ஃபைலாகக் கோத்துவிடுகிறது. மொத்தமும் கண்முன் இருந்தால் கம்பைலர் (கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்) இன்னும் வேகமான கோடைத் தரும், அடுத்தவர் தம் ப்ராஜெக்டில் சேர்ப்பதும் சுலபம். அது கம்பைலருக்காகச் செய்தது, ஐயா. மனிதர் உட்கார்ந்து திருத்துவதற்கு அல்ல.

300 லைன் சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஃபைலால் வரும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (இரண்டு பேர் ஒரே இடத்தைத் திருத்தி மோதிக்கொள்வது), எடிட்டர் திணறுவது எல்லாம் சில்லறைத் தொல்லைகள், விடுங்கள்.

கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் வேறு. கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972 டிசம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். வாசகங்களை வாங்கி, முதல் சொல்லைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளிச் சுழற்றி, அகரவரிசையில் அடுக்கித் தரும் ஒரு சின்ன நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் விதம் வேலை நடக்கும் வரிசைப்படி: வாங்குவது, சுழற்றுவது, அடுக்குவது, அச்சிடுவது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் வாசகங்களை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்றினால் எல்லாப் பகுதியிலும் கை வைக்க வேண்டும். இரண்டாவது விதத்தில், நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைக்கிறார். மாறினால் அந்த ஒன்றைத் திறந்தால் போதும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, நாம் இன்னும் ஃபைலின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நான் இதைக் கண்ணால் பார்த்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பில்லிங் மென்பொருள்கள் இருந்தன. ஒன்று பளிங்கு மாதிரி, எல்லாமே குட்டிக் குட்டி ஃபைல்கள். ஆனால் ‘ஒரு பொருளுக்கு ஒரே வரி, அது வாட்’ என்ற நினைப்பு பில் அச்சிடும் இடம், சரக்கு திரும்பி வரும் இடம், மாதக் கணக்கு என்று எல்லாவற்றிலும் ஊறிக் கிடந்தது. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி பாதி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி பாதி, வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி என்று ஆனதும் தொடாத ஃபைல் இல்லை. ராத்திரியெல்லாம் விளக்கு எரிந்தது. மற்றது எல்லாரும் முகம் சுளிக்கும் ஒரே தடி ஃபைல். எழுதியவர் வரிக் கணக்கை ஒரே ஃபங்ஷனில் வைத்திருந்தார், மற்ற இடமெல்லாம் அதைத்தான் கேட்கும். அதையும் அச்சிடும் இடத்தையும் திருத்திவிட்டு அவர் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பளிங்கு கோஷ்டிக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே!

சரி, உங்கள் கதை. பிரித்த கையோடு பில் ஃபைல் வரி ஃபைலை இம்போர்ட் செய்திருக்கும் (தனக்குள் வரவழைத்திருக்கும்), வரி ஃபைல் வாடிக்கையாளரின் மாநிலம் தெரிய வேண்டி வாடிக்கையாளர் ஃபைலை, அது பழைய பாக்கிக்காக மறுபடி பில்லை. இப்படிச் சுற்றிச் சுற்றி இழுத்ததால் ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’, அதாவது ஃபைல் பாதிதான் தயார் என்று பைத்தான் கத்தியிருக்கும். நீங்களும் இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள்ளே தள்ளி அதன் வாயை அடைத்திருப்பீர்கள். வெட்டிய இடம் தப்பு என்றுதான் அது சொன்னது. வரிக் கணக்குக்கு மாநிலக் குறியீடும் தொகையும் போதும், அந்த இரண்டை மட்டும் கையில் கொடுங்கள். வாடிக்கையாளரின் ஜாதகம் அதற்கு எதற்கு?

உதிரி வேலைகளுக்கென்று ‘ஹெல்பர்ஸ்’ என்று ஒரு ஃபைல் வைத்திருப்பீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். அதைத் திறந்து, பைசாவை ரவுண்ட் ஆஃப் செய்யும் கோட் அங்கே மட்டும்தான் இருக்கிறதா, வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். டீம் லீடுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.